கன்றுக்கு முந்திய குழி

கம்பம் பள்ளத்தாக்கின் வளத்தைப் பேச வருவோர் பெரும்பாலும் நீரிலிருந்தே தொடங்குவர். அது முறையே. மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய செயல் உலகப் பொறியியல் வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு வேலை தொடங்கிற்று. 1895 அக்டோபரில் நீர் இப்பக்கம் இறங்கிற்று. அப்பணியை முன்னின்று நடத்திய பென்னிகுவிக்கை இப்பகுதி மக்கள் இன்றும் மறக்கவில்லை. அவர் பிறந்த நாளாகிய சனவரி 15 இங்குப் பொங்கலோடு சேர்ந்த விழா. லோயர் கேம்ப்பில் 2013ஆம் ஆண்டு அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது.

நீருக்கு இவ்வாறு ஒரு வரலாறும் ஒரு தலைவரும் ஒரு மண்டபமும் உண்டு. ஆனால், அன்பர்களே, இப்பள்ளத்தாக்கின் திராட்சைக்கும் வாழைக்கும் தென்னைக்கும் அடியில் வேறொரு வேலை மறைந்து கிடக்கிறது. அது கன்று நடுவதற்கு முன்னே மண்ணைக் கிளறி, பிரித்து, ஆறப்போட்டு, எருவிட்டு நிரப்பும் குழி வேலை. அதைச் செய்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கன்று வேர்விட்டதும் அந்த வேலையின் தடமும் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகிறது. அவ்வேலையின் வரலாற்றையே இன்று சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

குழி தோண்டுவது எளிய செயல் என்று நினைப்போம். பழைய உலகத்து அறிஞர்கள் அவ்வாறு நினைக்கவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோம நாட்டுக் கவிஞர் வெர்ஜில் உழவைப் பற்றி ஜியார்ஜிக்ஸ் என்னும் நூலை இயற்றினார். அதன் இரண்டாம் பகுதியில் மண்ணை அறிய ஒரு சோதனை கூறப்படுகிறது. தரையில் ஆழமாக ஒரு குழி தோண்ட வேண்டும். எடுத்த மண் முழுவதையும் திரும்ப அதே குழியில் இட்டு மிதிக்க வேண்டும். மண் குறைந்து குழி நிரம்பாவிடில் அது பொலபொலப்பான நிலம். மேய்ச்சலுக்கும் திராட்சைக்கும் ஏற்றது. குழி நிரம்பியும் மண் மிஞ்சினால் அது இறுகிய கனத்த நிலம். அங்கே உழவு கடினம்.

இதே சோதனை நம் நாட்டிலும் இருந்தது. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தம் பிருகத் சம்ஹிதையில் மனை நூலைச் சொல்லும் பகுதியில் இதைக் குறிப்பிடுகிறார். ஒரு முழக் குழி தோண்டி, அந்த மண்ணாலேயே மூட வேண்டும். மண் மிஞ்சினால் அம்மனை நன்று; சரியாக இருந்தால் நடுத்தரம்; குறைந்தால் ஆகாது என்பது அவர் கருத்து.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒரே குழி, ஒரே சோதனை. ஆனால் முடிவு நேர்மாறு. வீட்டுக்கு நல்லது என்று வராகமிகிரர் சொன்ன மண், திராட்சைக்கு ஆகாதென்று வெர்ஜில் சொன்ன மண். இதில் முரண் ஒன்றும் இல்லை. அடித்தளத்துக்கு அசையாத நிலம் வேண்டும். வேருக்கு வழிவிடும் நிலம் வேண்டும். எதற்காகத் தோண்டுகிறோம் என்பதை அறிந்தே மண்ணை மதிக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதற்பாடம்.

வராகமிகிரர் மரம் நடுதலுக்கென்று தனி அதிகாரமே எழுதினார். எல்லா மரங்களுக்கும் மென்மையான நிலமே நன்மை தரும். முதலில் அதில் எள் விதைத்து, அது பூத்ததும் அதிலேயே மிதித்து மடக்க வேண்டும். இதுவே நிலத்துக்குச் செய்யும் முதல் வேலை என்கிறார். பசுந்தாள் உரம் என்று இன்று நாம் தக்கைப்பூண்டை விதைத்து மடக்குகிறோமே, அதற்கு 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட சான்று இது. வெர்ஜிலோ, நடுவதற்கு வெகுமுன்பே குழிகளை வெட்டி, கட்டிகளை வாடைக்காற்றுப்படப் புரட்டி வைக்கச் சொல்கிறார். நாற்றங்காலின் மண்ணும் நடவிருக்கும் மண்ணும் ஒத்திருக்க வேண்டும், தாய்மண் திடீரென மாறினால் கன்று திகைக்கும் என்றும் எச்சரிக்கிறார். கன்றின் பட்டையில் திசையைக் குறித்துவைத்து, தெற்கு நோக்கிய பக்கத்தைத் தெற்கு நோக்கியே நடும் கவனமுடைய உழவர்களையும் அவர் குறிப்பிடுகிறார். நம் வள்ளுவரும் உழவு அதிகாரத்தில், உழுத புழுதி நாலில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை காயவேண்டும் என்ற கருத்தை வைத்தார். இடமும் காலமும் வேறு. மண்ணைக் காயவிட்டு ஆறப்போடும் அறிவு ஒன்று.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். இங்கே மண் ஒரே தன்மையது அன்று. முல்லையாற்றை ஒட்டிய தாழ்நிலங்களில் ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்த வயல்கள். இருமருங்கும் மலையடிவாரம் நோக்கி ஏறினால் செம்மண் தோட்டங்கள். 1895இல் வந்த நீர் முதலில் செழிக்கச் செய்தது வயல்களை. பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நிலம் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில் முதற்போகத்துக்கு நீர் திறப்பது வழக்கம். மழை பொய்த்தால் அது தள்ளிப்போகும்.

நெல் நாற்று நடுவதும் இடம்மாற்றி நடுதலே. ஆயினும் அதற்கு மண்ணைப் பண்படுத்தும் முறை வேறு. நீரைக் கட்டி, திரும்பத் திரும்பச் சேற்றுழவு செய்து, மண்ணின் கட்டுமானத்தை உழவன் வேண்டுமென்றே குலைக்கிறான். மண்துகள்கள் பிரிந்து சேறாகின்றன. உழவு படாத ஆழத்தில் மண் இறுகி ஒரு தகடுபோல் ஆகிறது. நீர் கீழிறங்காமல் நிற்பதற்கு அத்தகடு உதவுகிறது. நெல்லுக்கு அது நன்மை. வாழை, தென்னை, திராட்சை ஆகியவற்றின் வேருக்கோ காற்றும் வேண்டும். மிகுந்த நீர் வடியவும் வேண்டும். ஆகவே வயலுக்குச் சேறு, தோட்டத்துக்குக் குழி என்று இருவகை மண்ணறிவு இப்பள்ளத்தாக்கில் அருகருகே வளர்ந்தது.

குழி அறிவின் சிறப்பை விளக்கத் திராட்சையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, அனுமந்தன்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் பந்தற்கால் நாட்டிப் படரவிடும் பன்னீர்த் திராட்சை, ஆண்டு முழுதும் மாறி மாறி அறுவடைக்கு வருவது. 2023ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இங்குத் திராட்சையைக் கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் செய்தி.

வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இங்கு ஒரு குறிப்புச் சொல்ல வேண்டும். பன்னீர்த் திராட்சை என்று நாம் அழைப்பது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. அது இங்கிலாந்தில் இரு வகைத் திராட்சைகளைக் கலந்து உருவாக்கப்பட்டது; காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஆகவே 1832இல் ஒரு கொடி வந்தது என்பதை ஏற்றாலும், அது இன்றைய பன்னீர் வகையாக இருந்திருக்க இயலாது. வேறொரு திராட்சை முன்னே வந்திருக்க வேண்டும். இவ்வகை அதன் வழியே பின்னே வந்து ஊன்றியிருக்க வேண்டும். வகைகள் வரும், மாறும், போகும். நிலைத்து நின்றது எது? கொடியை ஏற்பதற்கு நிலத்தைத் தயாரிக்கும் வேலையே.

அவ்வேலையின் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். பன்னீர்த் திராட்சைக்கு வேளாண்துறையார் சொல்லும் முறை, 3 மீட்டர் இடைவெளியில் 60 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள நீள்குழிகளை வெட்டுவது. ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். 3 மீட்டருக்கு ஒரு குழிவரிசை என்றால் மொத்த நீளம் 1,350 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல். அதிலிருந்து வெளிவரும் மண் சுமார் 485 கன மீட்டர். அவ்வளவையும் கடப்பாரையால் நெகிழ்த்தி, மண்வெட்டியால் அள்ளி, கரையில் இட்டு, மீண்டும் எருவுடன் கலந்து உள்ளே தள்ள வேண்டும். இயந்திரம் வராத காலத்தில் இவை அனைத்தும் கைகளாலும் கூடைகளாலும் நடந்தன. ஒரு கொடிகூட நடப்படுவதற்கு முன்னே நடந்த உழைப்பு இது.

இனி, அக்குழியை எவ்வாறு ஆக்கினர், ஏன் அவ்வாறு ஆக்கினர் என்று பார்ப்போம். தோண்டும்போது மேல்மண்ணை ஒருபுறமும் அடிமண்ணை மறுபுறமும் குவிப்பர். மேல் ஒரு முழத்துக்குள்தான் இலையும் சருகும் சாணமும் மட்கிய சத்து இருக்கிறது. நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் அங்கேதான் வாழ்கின்றன. அடிமண் பெரும்பாலும் இறுகியது, சத்துக் குறைந்தது. இரண்டையும் கலந்துவிட்டால், பல தலைமுறையாகச் சேர்ந்த மேல்மண் சில நாழிகையில் நீர்த்துப்போகும். ஆகவே நிரப்பும்போது மேல்மண்ணைத் தொழுவுரத்தோடு கலந்து குழிக்குள் இடுவர். எஞ்சும் அடிமண்ணைப் பாத்தியின் கரைக்குப் பயன்படுத்துவர்.

தோண்டிய குழியை உடனே மூடுவதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் சில வாரம் திறந்து கிடக்கும். அதைக் குழி ஆறுதல் என்பர். அந்நாட்களில் மண்ணுக்குள் இருந்த புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. களைகளின் வேர்கள் காய்கின்றன. இடையில் ஒரு கோடைமழை பெய்தால் கட்டிகள் நனைந்தும் காய்ந்தும் தாமே உதிர்கின்றன. பிறகு எருவிட்டு நிரப்பி, மண் அமர்வதற்கு மீண்டும் காலம் கொடுப்பர். நிரப்பிய அன்றே நட்டால், மண் இறங்கும்போது கன்றும் இறங்கித் தண்டின் கழுத்து மண்ணுள் புதையும், அழுகல் பிடிக்கும். எருவும் நன்கு மட்கியதாக இருக்க வேண்டும். பச்சைச் சாணமும் மட்காத குப்பையும் குழிக்குள் சூடேறி இளவேரைச் சுடும். கறையானையும் அழைத்து வரும்.

பயிருக்குப் பயிர் குழியின் அளவு மாறும். தென்னைக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம்; வாழைக்கு ஒன்றரை அடி. பெரியகுளத்தில் 1957இல் பழ ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி 1990இல் தோட்டக்கலைக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கைக்கும் ஒன்றரை அடிக் குழியே சொல்லப்படுகிறது. அவ்வூரின் பெயரைத் தாங்கிய அந்த முருங்கை இந்தியாவின் பல பகுதிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுள்ளது.

நெல் வயல்கள் பல இப்பள்ளத்தாக்கில் வாழைத்தோட்டமாகவும் தென்னந்தோப்பாகவும் மாறியபோது, மேலே சொன்ன இருவகை அறிவும் ஒன்றோடொன்று மோதின. நூறாண்டு சேற்றுழவில் இறுகிய தகடு அடியில் இருக்கிறது. அதை உடைக்காமல் மேலோட்டமாகக் குழி வெட்டி வாழையை நட்டால், மழைக்காலத்தில் நீர் தகட்டின்மேல் தேங்கும், கிழங்கு அழுகும், காற்றடித்தால் ஆழ வேரில்லாத மரம் சாயும். பழைய வயலைத் தோட்டமாக்குவோர் தகட்டைப் பிளக்கும் ஆழம்வரை தோண்டுவதும், வடிகால் எடுப்பதும் இதனால்தான் இன்றியமையாதன ஆகின்றன. அகல உழுவதிலும் ஆழ உழு என்ற பழமொழிக்கு இங்கே நேரான பொருள் உண்டு.

இவ்வரலாற்றில் வருத்தத்துடன் நினைக்க வேண்டிய பகுதியும் ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குழியை ஆறப்போடும் பொறுமை குறைந்தது. வெயிலும் பறவையும் செய்துவந்த வேலையை ஒரு பிடி வெள்ளைப் பொடி செய்துவிடும் என்ற நம்பிக்கை பரவிற்று. பி.எச்.சி., லிண்டேன் முதலிய நஞ்சுகள் நடவுக்குழியில் தூவப்பட்டன. அவை எளிதில் அழியாதவை. மண்ணிலும் நீரிலும் உயிர்களின் கொழுப்பிலும் தங்குபவை. இந்தியாவில் பி.எச்.சி. 1997இல் தடைசெய்யப்பட்டது. லிண்டேன் தயாரிப்பு 2011இலும் பயன்பாடு 2013இலும் நிறுத்தப்பட்டன. இன்று அவ்விடத்தில் வேப்பம் பிண்ணாக்கு பரிந்துரைக்கப்படுகிறது. பொடி தூவிய கைகள் பெரும்பாலும் கூலிக்குக் குழி வெட்டியோரின் கைகளே. காத்திருக்க மனமில்லாததன் விலையை அவர்கள் செலுத்தினர் என்பதை மறத்தல் தகாது.

பழமை அனைத்தும் சரியென்று சொல்வதும் நேர்மையன்று. குழியை எவ்வளவு கொழுக்கச் செய்கிறோமோ அவ்வளவு நன்று என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மரக்கன்றுகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் இதற்கு ஒரு திருத்தம் கூறின. சுற்றிலும் இறுகிய களிமண் இருக்க, குழிக்குள் மட்டும் மிக மென்மையான எருமண்ணை நிரப்பினால், அக்குழி நிலத்துக்குள் புதைத்த பூந்தொட்டி ஆகிவிடுகிறது. மழைநீர் அதற்குள் தேங்குகிறது. வேர்கள் கடினமான சுவரைக் கண்டு வெளியே செல்லாமல் உள்ளேயே சுற்றுகின்றன. நாற்றங்கால் மண்ணும் நடுமண்ணும் ஒத்திருக்க வேண்டும் என்று வெர்ஜில் சொன்னதற்கும் இதற்கும் உறவு இல்லையா? எருவை அளவோடு இட்டு, அவ்விடத்து மண்ணோடு நன்கு கலப்பதும், குழியின் பக்கங்களைக் கொத்தி நெகிழ்த்துவதும் இதற்கு மாற்று. இக்காலத்தில் துளையிடும் இயந்திரம் சில நொடியில் குழி போட்டுவிடுகிறது, நன்மைதான். ஆனால் ஈரக் களிமண்ணில் சுழலும் அவ்விரும்பு, குழிச்சுவரைப் பானைபோல் மெழுகிவிடும். மண்வெட்டி முனையால் அச்சுவரைக் கீறிவிட்டு நட்டால் அத்தீங்கு நீங்கும்.

சென்ற முப்பது ஆண்டுகளில் இன்னொரு மாற்றமும் வந்தது. தாய்மரத்தடியில் தோண்டிய ஈட்டிக்கன்றுக்கு மாற்றாக, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த திசுவாழைக் கன்றுகள் தேனி மாவட்டத் தோட்டங்களுக்கு வந்தன. நோயில்லாத, ஒரே சீரான கன்றுகள் அவை. ஆனால் கண்ணாடிக் குப்பியில் பிறந்து நிழற்குடிலில் வளர்ந்த குழந்தைகள். வெயிலையும் காற்றையும் சிறிது சிறிதாகப் பழக்கி, பின்னரே நடவேண்டும். நெகிழிப் பையை நீக்கும்போது வேரைச் சுற்றிய மண் உதிரக் கூடாது. கன்று எவ்வளவு நுண்ணியதோ, குழி அவ்வளவு பக்குவமாய் இருக்க வேண்டும். அறிவியல் முன்னேறியதால் குழியின் மதிப்புக் கூடியதே அன்றிக் குறையவில்லை.

அன்பர்களே, இதுவரை சொன்னவை தோட்டக்காரருக்கு மட்டும் உரியவை அல்ல. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சாலையோரங்களிலும் மரக்கன்று நடும் விழாக்கள் ஆண்டுதோறும் நடக்கின்றன. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் பெரும்பாலும் காலையில் விழா, அதற்குச் சற்று முன் குழி. கட்டடம் கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும் காரைத் தூளும் கலந்த இறுகிய தரையில், பை கொள்ளும் அளவுக்கு ஒரு பள்ளம். விருந்தினர் மண்தள்ளி நீரூற்றிச் செல்கிறார். அடுத்த கோடையில் அதே பள்ளத்தில் அடுத்த கன்று. கன்று காய்ந்தது நீரில்லாமையால் என்கிறோம். நீர் ஊற்றியும் அது வேர்நீட்ட இடமில்லாமல் காய்ந்தது என்பதைப் பார்ப்பதில்லை. விழாவுக்கு ஒரு மாதம் முன்பே மாணவர்களைக் கொண்டு குழி வெட்டுவித்து, மேல்மண் எது, அடிமண் எது என்று கையால் தொட்டு அறியச் செய்தால், அது மரம் நடுதலாகவும் இருக்கும், பாடமாகவும் இருக்கும்.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். ஓரங்குல மேல்மண் உருவாக இயற்கைக்குச் சில நூற்றாண்டுகள் வேண்டும். செங்கற் சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் அதை அள்ளிக் கொடுப்பதற்கு ஒரு பகற்பொழுது போதும். அள்ளிய பின் எஞ்சிய அடிமண்ணில் எவ்வளவு பெரிய குழி வெட்டினாலும், உள்ளே இடுவதற்கு மேல்மண் எங்கிருந்து வரும்? நம் முன்னோர் கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தனர், ஆட்டுக்கிடை போட்டனர். மழை அரித்துச் சென்ற மண்ணைக் கண்மாயிலிருந்து மீட்டுத் திரும்ப நிலத்தில் சேர்த்த ஏற்பாடு அது. இன்றும் உழவர்கள் அரசு அனுமதி பெற்று வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. அதைச் செங்கல்லுக்குப் போகவிடாமல் குழிக்குக் கொண்டுவருவது நம் கையில் உள்ளது.

மலையைக் குடைந்து நீர் கொண்டுவந்தது ஒரு தலைமுறையின் செயல். அந்நீரை ஏற்கும் மண்ணைக் காப்பது ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் செய்யவேண்டிய செயல். ஆதலின் வரும் மழைக்காலத்தில் மரம் நட விரும்புவோர், கன்று வாங்கப் புறப்படுமுன் மண்வெட்டியை எடுங்கள். முழ ஆழம் ஒரு குழி தோண்டி, அதே மண்ணால் மூடிப் பாருங்கள். மண் குறைகிறதா, மிஞ்சுகிறதா என்று அறிந்துகொண்டு, அதற்கேற்பக் குழியை வெட்டி ஆறவிடுங்கள். கன்று சில வாரம் கழித்து வரட்டும்.